அலைக்கற்றை மேலாண்மையில் அரசுத் துறைகளின் ஒருங்கிணைப்பு: புதுச்சேரியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வானொலி அலைக்கற்றை ஏதேனும் ஓர் அரசுத் துறைக்கு மட்டும் உரிய வளம் அன்று. பாதுகாப்பு, விண்வெளி, வானூர்திப் போக்குவரத்து, ஒலிபரப்பு, வானிலை, காவல், மீன்வளம் ஆகிய துறைகள் அனைத்தும் அதனைப் பகிர்ந்து பயன்படுத்துகின்றன. இத்துறைகளுக்கிடையே இந்தியாவில் ஒருங்கிணைப்பு நிகழும் முறையைப் புதுச்சேரி நகரின் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. புதிய பயனருக்கு அனுமதி வழங்கும் கட்டத்தில் ஒருங்கிணைப்பு வலுவாக உள்ளது. பழைய பயனரை இடம்பெயர்க்கும் கட்டத்திலும், பேரிடர்க் காலத்தில் உள்ளூர் நிருவாகத்துடன் இணையும் கட்டத்திலும் அது தாமதமாகவோ தளர்வாகவோ அமைகிறது என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: அலைக்கற்றை, அதிர்வெண் ஒதுக்கீடு, குறுக்கீடு, துறைசார் ஒருங்கிணைப்பு, புதுச்சேரி.

முன்னுரை

நிலத்தையும் நீரையும் போல அலைக்கற்றையும் ஓர் இயற்கை வளமாகவே கருதப்படுகிறது. ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. நீர் பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும், அலைக்கற்றை குறைவதில்லை. ஓர் ஒலிபரப்பு நின்ற அடுத்த நொடியே அந்த அதிர்வெண் முழுமையாக மீண்டும் கிடைக்கிறது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணை இருவர் கையாண்டால் இருவருக்குமே அது பயன்படாமற் போகலாம். இதனைக் குறுக்கீடு என்பர். எனவே அலைக்கற்றை மேலாண்மை என்பது வளத்தைச் சேமித்து வைக்கும் பணி அன்று. பயன்படுத்துவோரிடையே உரிய இடைவெளியைக் காக்கும் பணியாகும்.

தமிழில் அலைக்கற்றை பற்றிய பொது உரையாடல் பெரிதும் 2ஜி உரிம வழக்கை ஒட்டியே வளர்ந்தது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை நீக்கியது. அதற்கு முன்பே, 1995இல் வங்கக் கிரிக்கெட் சங்க வழக்கில், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று அந்நீதிமன்றம் கூறியிருந்தது. இவ்விரு தீர்ப்புகளால் அலைக்கற்றையின் விலையும் ஏலமும் பேசுபொருளாயின. ஏலத்திற்கு வராமலே அலைக்கற்றையைப் பயன்படுத்தும் அரசுத் துறைகள் தமக்குள் எவ்வாறு உடன்படுகின்றன என்ற வினா அந்த அளவு கவனம் பெறவில்லை. இக்கட்டுரை அவ்வினாவை எடுத்துக்கொள்கிறது.

ஒதுக்கீட்டின் மூன்று படிநிலைகள்

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிமுறைகள் ஒதுக்கீட்டை மூன்று படிநிலைகளாகப் பிரிக்கின்றன. முதலாவது, ஓர் அதிர்வெண் பட்டையை ஒரு பணிக்கு ஒதுக்குவது. ஒலிபரப்பு, நிலம்சார் நகர்பேசி, வானூர்தி வழிகாட்டல், வானிலை ஆய்வு முதலியன பணிகள் எனப்படும். இரண்டாவது, ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு திட்டத்தின்படி குறிப்பிட்ட அலைவரிசையை ஒரு நாட்டிற்கோ நிலப்பகுதிக்கோ ஒதுக்குவது. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட நிலையத்திற்கு ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை வழங்குவது. முதற்படி உலக மாநாடுகளில் முடிவாகிறது. இறுதிப்படி நாட்டரசின் கையில் உள்ளது.

உலகம் இதற்காக மூன்று மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. இந்தியாவும் இலங்கையும் மூன்றாம் மண்டலத்தில் அடங்கும். உலக வானொலித் தொடர்பு மாநாட்டின் முடிவுகளைத் தழுவி ஒவ்வொரு நாடும் தன் அட்டவணையை வகுத்துக்கொள்கிறது. இந்தியாவில் இது தேசிய அதிர்வெண் ஒதுக்கீட்டுத் திட்டம் எனப்படுகிறது. 1981க்குப் பின் 2000, 2002, 2008, 2011, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தி வெளியிடப்பட்டது. ஒரே பட்டையில் இரண்டு பணிகள் இடம்பெறும்போது ஒன்று முதன்மைப் பணியாகவும் மற்றொன்று துணைப் பணியாகவும் குறிக்கப்படுவதுண்டு. துணைப் பணி முதன்மைப் பணிக்குக் குறுக்கீடு செய்தல் ஆகாது. முதன்மைப் பணியால் நேரும் குறுக்கீட்டுக்கு எதிராகப் பாதுகாப்புக் கோரவும் இயலாது. இவ்விதி பொறியியல் விதி போலத் தோன்றினும், எந்தத் துறை எந்தத் துறைக்கு வழிவிட வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் நிருவாக விதியாகவும் அமைகிறது.

தில்லியில் முடிவெடுக்கும் அமைப்புகள்

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 31ஆவது பதிவு அஞ்சல், தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்பு, ஒலிபரப்பு ஆகியவற்றை ஒன்றிய அரசிடம் ஒப்படைத்துள்ளது. அதனால் அதிர்வெண் வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கோ ஒன்றியப் பகுதிகளுக்கோ இல்லை. தொலைத்தொடர்புத் துறைக்குள் 1952இல் தொடங்கப்பட்ட கம்பியில்லாத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு இவ்வதிகாரத்தைச் செயற்படுத்துகிறது. தனியார் நிறுவனம், அரசுத் துறை என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் அதிர்வெண் வழங்குவது இப்பிரிவே.

இதனோடு மூன்று அமைப்புகள் இணைந்து இயங்குகின்றன. வானொலி அதிர்வெண் ஒதுக்கீட்டுக்கான நிலை ஆலோசனைக் குழு அவற்றுள் ஒன்று. சாக்ஃபா என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது. அலைக்கற்றையைப் பெருமளவில் பயன்படுத்தும் துறைகளின் சார்பாளர்கள் இதில் இடம்பெறுகின்றனர். ஒரு கோபுரம் எழும்போது அது வானூர்திக்கு இடையூறாகுமா, பிறரது நேர்கோட்டுத் தொடர்பை மறைக்குமா, மின்காந்தக் குறுக்கீடு விளைவிக்குமா என்னும் மூன்று கேள்விகளுக்கு இக்குழு விடை காண்கிறது. இரண்டாவது, கம்பியில்லாக் கண்காணிப்பு அமைப்பு. வழங்கப்பட்ட அதிர்வெண்கள் வழங்கப்பட்டவாறே பயன்படுகின்றனவா என்பதை அதன் நிலையங்கள் கேட்டறிகின்றன. மூன்றாவது, 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். ஏலத்தின் அடிப்படை விலை, நிபந்தனைகள் ஆகியவற்றை இவ்வாணையம் பரிந்துரைக்கிறது, அதிர்வெண்ணை வழங்குவதில்லை.

காவல்துறையின் நிலை சற்று மாறுபட்டது. சட்டம் ஒழுங்கு மாநிலப் பொருள். கம்பியில்லாத் தொடர்பு ஒன்றியப் பொருள். இவ்விரண்டையும் இணைப்பதற்காக உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1946 முதல் காவல்துறைக் கம்பியில்லாத் தொடர்பு ஒருங்கிணைப்பு இயக்ககம் செயற்பட்டு வருகிறது. மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றின் காவல் வானொலித் தொடர்பை அது ஒருங்கிணைக்கிறது. ஆக, புதுச்சேரிக் காவலர் ஒருவரின் கைக்கருவி இயங்கும் அதிர்வெண், மூன்று அரசு அடுக்குகளின் உடன்பாட்டில் பிறந்தது எனலாம்.

புதுச்சேரி: அருகருகே அமைந்த பயனர்கள்

புதுச்சேரி ஒன்றியப் பகுதி நான்கு துண்டுகளால் ஆனது. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற இவ்வமைப்பைத் தொலைத்தொடர்பு தன் வசதிக்கேற்பவே கையாள்கிறது. நகர்பேசி உரிமப் பிரிவில் புதுச்சேரி நகரமும் காரைக்காலும் தமிழ்நாட்டு வட்டத்துடன் இணைந்துள்ளன. தரைவழித் தொலைபேசியில் மாகேயின் குறியீட்டெண் தலைச்சேரியுடையது. ஏனாமின் குறியீட்டெண் காக்கிநாடாவுடையது. அலைகளுக்கு ஆட்சி எல்லை தெரியாது என்பதால் இவ்வேற்பாடு இயல்பானதே. ஆனால் இதன் விளைவாக, அலைக்கற்றை குறித்த எந்த வரைபடத்திலும் புதுச்சேரி தனியோர் அலகாக இடம்பெறுவது அரிதாகிறது.

நகரத்திற்குள்ளும் சுற்றுப்புறத்திலும் பயனர்கள் நெருங்கி அமைந்துள்ளனர். 1967 முதல் இயங்கும் அகில இந்திய வானொலி நிலையம், லாஸ்பேட்டை விமான நிலையம், தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம், இந்தியக் கடலோரக் காவல்படையின் மாவட்டத் தலைமையகம், காவல்துறை, நகர்பேசி நிறுவனங்கள், காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தெற்கே காரைக்காலில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ராடார் கடலைக் கண்காணிக்கிறது. இவற்றுள் மூன்றை மட்டும் விரிவாகக் காண்போம்.

அ. பல்கலைக்கழக வானொலி

புதுவைப் பல்கலைக்கழகத்தின் ‘புதுவை வாணி’ 107.8 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பண்பலை ஒலிபரப்புப் பட்டை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அவ்விடத்திலேயே வானூர்தி வழிகாட்டல் பட்டை தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையே 0.2 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே உள்ளது. வலிமைமிக்க பண்பலை நிலையங்கள் வானூர்திக் கருவிகளைப் பாதிக்கக் கூடும் என்பது உலகெங்கும் அறியப்பட்ட பொறியியற் சிக்கல். சமுதாய வானொலியின் கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட்டுக்கும், அலைவாங்கிக் கோபுரத்தின் உயரம் 30 மீட்டருக்கும் மிகாமல் வரையறுக்கப்பட்டிருப்பது, பட்டையின் விளிம்பில் இருப்பவர் தம் அண்டையரைப் பாதிக்காமல் இருக்கவும் துணைபுரிகிறது.

அனுமதி முறையும் கவனிக்கத்தக்கது. 2006ஆம் ஆண்டுக் கொள்கை நெறிகளின்படி, தொண்டு நிறுவனங்கள் உள்துறை, பாதுகாப்பு அமைச்சகங்களின் இசைவைப் பெற வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கோ, தகவல் ஒலிபரப்பு அமைச்சகச் செயலரின் தலைமையில் கூடும் பல்துறைக் குழுவே ஒற்றைச் சாளரமாக அமைகிறது. அதிர்வெண் குறிக்கப்பட்ட பின்பே விருப்பக் கடிதம் வழங்கப்படுகிறது. அதன் பின் சாக்ஃபா இசைவு, ஒப்பந்தம், இயக்க உரிமம் ஆகியன தொடர்கின்றன. புதிய பயனர் ஒருவர் நுழையும்போது துறைகள் முன்கூட்டியே ஒன்றுகூடிப் பேசுவதற்கான வழி இங்குத் தெளிவாக உள்ளது.

ஆ. விமான நிலையம்

இதற்கு மாறான அனுபவத்தை ஐந்தாம் தலைமுறை நகர்பேசி தந்தது. தரையிலிருந்து வானூர்தியின் உயரத்தை அளக்கும் ரேடியோ உயரமானிகள் 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் இயங்குகின்றன. அமெரிக்காவில் 3.7 முதல் 3.98 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை ஏலம் விடப்பட்டபின், வானூர்தித் துறை எச்சரிக்கை எழுப்பியது. 2022 சனவரியில் விமான நிலையங்களுக்கு அருகில் அச்சேவையைத் தொடங்குவது தள்ளிவைக்கப்பட்டது. அரசு சாரா பயனர்களுக்கு அலைக்கற்றை வழங்கும் ஆணையமும், அரசுத் துறைகளின் அலைக்கற்றையைக் கவனிக்கும் முகமையும் அந்நாட்டில் வெவ்வேறு. அவ்வாண்டு ஆகஸ்டில் அவ்விரண்டும் தம் புரிந்துணர்வு உடன்படிக்கையைப் புதுப்பித்தன.

இந்தியாவில் 2022 சூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை நடந்த ஏலத்தில் 1,50,173 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விற்பனையானது. அதில் 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையும் அடங்கும். உயரமானிப் பட்டைக்கும் இதற்கும் 530 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி உண்டு. அமெரிக்காவில் அது 220 மட்டுமே. இருப்பினும் அவ்வாண்டு நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கி.மீ. வரையிலும், அதன் மையக் கோட்டிலிருந்து 910 மீட்டர் வரையிலும் இப்பட்டையில் நிலையம் அமைக்கலாகாது என்று அது அறிவுறுத்தியது.

இவ்வளவை லாஸ்பேட்டைக்குப் பொருத்திப் பார்க்கலாம். அங்குள்ள ஓடுபாதை சுமார் 1.5 கி.மீ. நீளமுடையது. இரு முனைகளையும் சேர்த்தால் நீளம் 5.7 கி.மீ.; அகலம் 1.82 கி.மீ.; பரப்பு சுமார் 10 சதுர கி.மீ. விமான நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்புகளும் கல்வி நிலையங்களும் செறிந்த நகரமொன்றில் இது சிறிய நிலப்பரப்பு அன்று. பாதுகாப்பு கருதிய இக்கட்டுப்பாட்டின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஏலத்திற்கு முன் அன்றி, ஏலம் முடிந்து ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின் வந்தது. விலை கொடுத்து வாங்கிய நிறுவனமும், சேவையை எதிர்பார்த்த குடிமக்களும், வானூர்தித் துறையும் ஒரே நேரத்தில் நிறைவின்மைக்கு ஆளாக இத்தாமதம் இடமளித்தது.

இ. கடல்

கரையிலிருந்து சில கி.மீ. தொலைவில் நகர்பேசித் தொடர்பு தேய்ந்துவிடுகிறது. அதற்கப்பால் மீனவர்க்குத் துணையாவது கடல்சார் விஎச்எஃப் கருவி. பன்னாட்டு இடர் அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ளது. அதன் வீச்சும் வரம்புடையது. எனவே செயற்கைக்கோள்வழித் தொடர்பு இன்றியமையாததாயிற்று. 2024 ஆகஸ்ட் 30 அன்று கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. இஸ்ரோ உருவாக்கிய இக்கருவி ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாக இயங்குகிறது. படகிலிருந்து இடர்ச் செய்தி அனுப்பவும், கரையிலிருந்து புயல் எச்சரிக்கை பெறவும் இதனால் இயலும்.

இச்செயற்கைக்கோளின் பின்னணி ஒருங்கிணைப்பின்மைக்கு ஓர் எடுத்துக்காட்டாகும். விண்வெளித் துறையின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ் 2005இல் தேவாஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. ஜிசாட்-6, ஜிசாட்-6ஏ ஆகிய கோள்களின் எஸ் பட்டையில் 70 மெகாஹெர்ட்ஸ் அதில் அடங்கியது. நாட்டின் கேந்திரத் தேவைகளைக் காரணம் காட்டி 2011 பிப்ரவரியில் அரசு அதனை முடிவுக்குக் கொண்டுவந்தது. வழக்குகள் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் நீண்டன. மோசடியின் அடிப்படையில் தேவாஸைக் கலைக்கும் ஆணையை 2022 சனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஜிசாட்-6 விண்ணில் ஏவப்பட்டது 2015 ஆகஸ்ட் 27 அன்று. ஒரு பட்டையின் பிற தேவைகள் ஒப்பந்தத்திற்கு முன் எடைபோடப்படாமல், ஆறாண்டுகளுக்குப் பின் எடைபோடப்பட்டன என்பதே இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

விட்டுக்கொடுத்தலின் விலை

மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் ஒரு பொதுக் கூறினைச் சுட்டுகின்றன. காலியாக உள்ள இடத்தில் புதியவரை அமர்த்துவது எளிது. ஏற்கெனவே அமர்ந்திருப்பவரை எழுப்புவதே கடினம். ஓர் அரசுத் துறை தன் பட்டையை விட்டுக்கொடுத்தால் அதற்குப் புதிய கருவிகள் வேண்டும், பயிற்சி வேண்டும், மாற்று வழி வேண்டும். இச்செலவை யார் ஏற்பது என்பது தெளிவாகாத வரை எந்தத் துறையும் தன் இடத்தை விட்டு நகர முன்வராது.

இந்தியாவில் பாதுகாப்புப் படைகளின் நேர்வில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. படைகள் விடுவிக்கும் அலைக்கற்றைக்கு ஈடாகத் தனி ஒளியிழை வலையமைப்பு ஒன்றை அமைத்துத்தர அரசு முன்வந்தது. இதற்கு 2012இல் 13,334 கோடி ரூபாயும், 2018இல் கூடுதலாக 11,330 கோடி ரூபாயும் ஒப்பளிக்கப்பட்டன. 2015 சனவரியில் பாதுகாப்புக்கென உரிய பட்டைகளையும், பன்னாட்டு எல்லையை ஒட்டிய பாதுகாப்பு நலப் பகுதியையும் வரையறுக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2100 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 15 மெகாஹெர்ட்ஸை 1900 மெகாஹெர்ட்ஸ் பட்டையுடன் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் அக்காலத்ததே. இது பயன் தந்த ஏற்பாடு. ஆயினும் ஒரு குறிப்பிட்ட தேவைக்கென வகுக்கப்பட்டதேயன்றி, எல்லாத் துறைகளுக்கும் பொதுவான நிலையான முறை அன்று.

இவ்விடத்தில் பிரான்சின் முறையை ஒப்புநோக்கலாம். அங்கு 1997 முதல் தேசிய அதிர்வெண் முகமை இயங்குகிறது. அலைக்கற்றை நேரடியாக நிறுவனங்களுக்கு அன்றி, முதலில் பதினொரு ‘உரிமையாளர்’களுக்குப் பகுக்கப்படுகிறது. பாதுகாப்பு, உள்துறை, வானூர்தி, வானிலை, விண்வெளி, துறைமுகம் முதலிய ஒன்பது நிருவாகங்களும், தொலைத்தொடர்பு, ஒலிபரப்பு ஆகியவற்றுக்கான இரண்டு தன்னாட்சி ஆணையங்களும் அவர்கள். முகமை முன்மொழியும் அட்டவணையைத் தலைமை அமைச்சர் வெளியிடுகிறார். பட்டையைக் காலிசெய்யும் துறையின் செலவை ஈடுகட்டத் தனி மறுசீரமைப்பு நிதியமும் உண்டு. அந்நிதியம் முன்கூட்டிச் செலவழித்ததைப் புதிதாக வருபவர் திருப்பிச் செலுத்துகிறார். இங்குத் தொலைத்தொடர்புத் துறையே பயனர்களுள் ஒருவராகவும் நடுவராகவும் நிற்கும் நிலை இல்லை என்பது முதன்மையான வேறுபாடு. பிரான்சின் அளவும் இந்தியாவின் அளவும் ஒன்றல்ல. ஆயினும் விட்டுக்கொடுத்தலுக்கு முன்னரே விலையும் முறையும் வகுத்துவைத்தல் என்னும் கொள்கை அளவைப் பொறுத்தது அன்று.

உள்ளூர் நிருவாகத்தின் இடம்

2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரிக் கரையைத் தாக்கின. இத்தகைய நாள்களில் ராடார், காவல் வானொலி, கடலோரக் காவல்படை, பண்பலை வானொலி, நகர்பேசிக் கோபுரம் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன. எச்சரிக்கைச் செய்திகளைப் பொறுத்தவரை ஓர் ஒழுங்கு உருவாகியுள்ளது. வானிலைத் துறை போன்ற அமைப்புகள் அளிக்கும் எச்சரிக்கை, மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதலுடன், ‘சசேத்’ தளத்தின் வழியாக நகர்பேசிகளுக்குக் குறுஞ்செய்தியாகச் செல்கிறது. செய்தியின் மீது உள்ளூர் நிருவாகத்திற்கு உரிமை உண்டு. செய்தியைச் சுமக்கும் அலையின் மீது இல்லை. குறுக்கீடு ஏற்பட்டால் முறையீடு ஒன்றியத் துறைக்கே செல்ல வேண்டும். அதனைத் தேடிக் கண்டறியும் பொறுப்பும் ஒன்றியக் கண்காணிப்பு அமைப்புடையதே.

அதிர்வெண் வழங்கும் அதிகாரத்தைப் பிரித்தளிப்பது இதற்குத் தீர்வாகாது. அருகருகே உள்ள மாநிலங்கள் தனித்தனியே அதிர்வெண் வழங்கத் தொடங்கினால் குறுக்கீடு பெருகும். அதிகாரம் ஓரிடத்தில் இருப்பினும் தகவல் பலவிடத்தும் பரவலாம். மீன்வளத் துறை, துறைமுகம், விமான நிலையம், கடலோரக் காவல்படை, வானொலி நிலையம், நகர்பேசி நிறுவனங்கள் ஆகியோர் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் கூடி, யார் எந்த அலைவரிசையில் கேட்பர், எது பழுதானால் எது மாற்று என்பதை ஒத்திகை பார்ப்பதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

முடிவுரை

இந்திய அலைக்கற்றை மேலாண்மையில் நுழைவாயில் உறுதியாகக் கட்டப்பட்டுள்ளது. காலாப்பட்டின் சிறு வானொலிக்கும் பல்துறைக் குழுவின் இசைவு தேவைப்படுவது இதற்குச் சான்று. ஆனால் உள்ளே இருப்போர் இடம் மாறுவதற்கும், இடர் நேரத்தில் ஒருவரையொருவர் கேட்பதற்கும் அதே அளவு உறுதியான முறை இல்லை. லாஸ்பேட்டையைச் சூழ்ந்த 10 சதுர கி.மீ. கணக்கு ஏலத்திற்கு முன்பே போடப்பட்டிருக்கக் கூடியது. எஸ் பட்டையின் தேவைகள் ஒப்பந்தத்திற்கு முன்பே எடைபோடப்பட்டிருக்கக் கூடியவை. ஏலத்திற்கு முன் பயனர் துறைகளின் கருத்தைப் பெற்று வெளியிடுதல், பட்டையைக் காலிசெய்யும் துறைக்கு நிலையான ஈட்டு நிதியம் அமைத்தல், கடலோர மாவட்டங்களில் ஆண்டு ஒத்திகை நடத்துதல் ஆகிய மூன்றும் இவ்விடைவெளியைக் குறைக்கும். ஏலத்தில் கிடைக்கும் தொகை ஒருமுறை கருவூலத்தில் சேர்வது. தேங்காய்த்திட்டிலிருந்து புறப்படும் படகு கரையின் குரலைக் கேட்பது அன்றாடம் நிகழ வேண்டியது. அலைக்கற்றை மேலாண்மையின் பயனை அளக்க இவ்விரண்டாவது அளவுகோலும் வேண்டும்.